மாதா நீலத்தில் ஒரு நாற்காலி

என் மனைவி சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே மட்டும்தான் ஒத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டியதும் இறங்கிவிடுவாள். மார்பில் தொடங்கிய நோய் முதுகெலும்புக்கு வந்திருந்தது. டாக்டர் அந்தப் படத்தைத் திரையில் காட்டி விளக்கியபோது நான் எல்லாம் புரிந்தவன்போல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்து அவள்தான் எனக்கு விளக்கினாள். "எலும்பு இத்துப் போச்சாம். விழுந்துடக் கூடாதாம். அவ்வளவுதான் சொன்னாரு. நீங்க எதுக்கு எல்லாத்துக்கும் 'யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்'னு சிரிச்சீங்க?"

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பூசை முழுசும் நான் முன்னாடி உட்காரணும். தாலி கட்டுறதை என் கண்ணால பார்க்கணும். தள்ளுவண்டியில வச்சு ஓரமா நிறுத்திடாதீங்க. பொண்ணோட அம்மா மாதிரி இருக்கணும். பேஷண்ட் மாதிரி இல்ல."

கேட்கச் சின்ன ஆசைதான். ஆனால் கல்யாணம் நடக்கவிருந்தது மலாக்காவில், பெம்பானுக்கு அப்பால், அவள் ஞானஸ்நானம் வாங்கிய எஸ்டேட் கோயிலில். சுற்றிலும் செம்பனை, நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அங்கே உள்ள பெஞ்சுகளைச் செய்த தச்சர், பாவத்துக்குரிய தண்டனையை நேராக முதுகிலேயே கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தவர். நல்ல உடம்புக்காரர்களே பிரசங்கம் முடிவதற்குள் இடுப்பை நாலு பக்கமும் திருப்புவார்கள். இவளால் முதல் வாசகம் முடியும்வரைகூடத் தாங்க முடியவில்லை. தலையணை வைத்துப் பார்த்தோம், சரிந்தாள். ஸ்பாஞ்ச் வைத்துப் பார்த்தோம், அமுங்கி மரம் குத்தியது. கடையில் விற்கும் சாய்வு நாற்காலியைக் காட்டினேன். "இதுல உட்கார்ந்தா கோயில்ல டிவி பார்க்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல், "நான் செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டது.

நான் பத்து பெரண்டாம் என்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பேக்டரியில் செட்டர். அச்சை மெஷினில் மாட்டி, சூட்டையும் அழுத்தத்தையும் சரிக்கட்டி, முதல் சாமான் ஒழுங்காக வந்து விழும்வரை மெஷினோடு சண்டை போடுகிற வேலை. ஒரு கலரிலிருந்து அடுத்த கலருக்கு மாறும்போது உள்ளே தங்கிய பழைய பிளாஸ்டிக்கை வெளியே தள்ள வேண்டும். அது மெஷினின் மூக்கிலிருந்து பஜ்ஜி மாவு மாதிரி வழிந்து, சுருண்டு சுருண்டு விழுந்து, ஆறியதும் கல்லாகிவிடும். லம்ப் என்போம். பாதி சிவப்பு, பாதி மஞ்சள், நடுவில் யாரும் கலக்காமல் தானாகவே கலந்த ஒரு நிறம். எல்லோருக்கும் அது குப்பை. எனக்கு என்னவோ அதைப் பார்த்தால் தூக்கிப்போட மனம் வராது. மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு புக்கிட் ரம்பாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் கழித்துக்கட்டிய பழைய அடுப்பு கார் போர்ச்சில் இருந்தது. அதில் லம்புகளை இளக வைத்து, அச்சில் போட்டு, மேலே இரும்புப் பலகை வைத்து, கார் ஜாக்கால் அழுத்துவேன். ஆறிய பிறகு ஒரு ஸ்டூல் வெளியே வரும். முதல் ஸ்டூலைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இது என்ன, யானை போட்டதா?" என்று கேட்டாள்.

யானை போட்டதில் ஒன்றை மலாக்கா டவுனில் ஆற்றோரமாகக் கோப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெண் வாங்கினாள். படித்த பெண். ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்து, இது ஸ்டூல் இல்லை, பயன்பாட்டுச் சிற்பம் என்றாள். இப்போது உலகமெங்கும் கலைஞர்கள் குப்பைப் பிளாஸ்டிக்கில் இப்படித்தான் செய்கிறார்கள், நீங்கள் அறியாமலே அந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்றாள். நான் வரிசையில் நின்றது கடைசியாகக் கிளினிக்கில். இருந்தாலும் வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் மனைவி யோசித்தாள். "நல்லதாப் போச்சு. உட்கார முடிஞ்சா ஸ்டூல்னு சொல்லுங்க, முடியலன்னா சிற்பம்னு சொல்லுங்க."

என் பயத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் பேக்டரிக்குப் பக்கத்தில் ஏர்போர்ட். விமானம் தாழப் பறந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். இத்தனை வருஷமாகியும் குனிகிறேன். மகள் போன் செய்தால் 'ஹலோ' சொல்வதற்கு முன் 'என்னாச்சு' என்பேன். மற்றவர்களின் பயம் வேலை நேரத்தில் வந்து வேலை நேரத்தில் போய்விடும். என்னுடையது ஓவர்டைம் கேட்காமலே ஓவர்டைம் பார்க்கும். அது வெளியே தெரியாமலிருக்க ஜோக் அடிப்பேன். அவளுக்கு நோய் வந்த பிறகு நான் மிகவும் நன்றாக ஜோக் அடிக்க ஆரம்பித்தேன். நர்ஸுகள் என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள்.

நாற்காலி அவள் முதுகுக்குப் பொருந்த வேண்டும். அதற்கு முதுகின் அச்சு வேண்டும். பாதி தீர்ந்த அரிசிச் சாக்கைப் போர்ச்சில் சுவரோடு சாய்த்து, அதில் அவளை உட்கார்ந்து சாயச் சொன்னேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது.

"அசையாத."

"நான் எங்க ஓடப் போறேன்?"

"மூச்சை மெதுவா விடு."

"சோத்துக்கு வச்சிருந்த அரிசியில என்னைப் படுக்க வச்சு அளவெடுக்கிறீங்க. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் பார்த்துட்டுப் போறாங்க. பெட்டிக்கு அளவெடுக்கிறாருன்னு நினைச்சிருப்பாங்க."

நான் சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு அவளே, "சிரிங்களேன், ஜோக்குதான்" என்றாள்.

அவள் எழுந்ததும் சாக்கில் பள்ளம் அப்படியே இருந்தது. இடது பக்கம் ஆழம், வலது பக்கம் மேடு. வலி வலது பக்கம் இருந்ததால் அவள் எப்போதும் இடது பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற எனக்கு அதை அரிசி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. பள்ளத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, சிமெண்டைக் குழைத்து ஊற்றினேன். காய்ந்த பிறகு அவள் அந்தக் கட்டியை வந்து பார்த்தாள்.

"என் முதுகு இவ்ளோ கோணலாவா இருக்கு?"

"இல்லம்மா. அரிசி கோணல்."

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சிமெண்டின் மேட்டை ஒரு தரம் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நிறம் மட்டும் அவள் சொன்னாள். மாதா நீலம். மாதா சுரூபத்தின் முக்காட்டில் இருக்குமே, அந்த நீலம். எங்கள் பேக்டரியில் அந்த மாதம் முழுக்க வெள்ளைதான் ஓடியது. வேறொரு பேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் பழைய சிநேகிதனிடம் சொன்னேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன், முருக பக்தன், மாதாவுக்கென்று சொன்னதும் ஒரு சாக்கு நிறைய நீல லம்ப் கொண்டுவந்து இறக்கினான். அசல் மாதா நீலம். "எந்தச் சாமியா இருந்தா என்னலா, கலர் சரியா இருக்கா பாரு" என்றான்.

பிளாஸ்டிக்கில் ஜாதி உண்டு. எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. வேறு வேறு வகைகளைச் சேர்த்து உருக்கினால் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. ஒருநாள் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வரும். வகை தெரியாத பிளாஸ்டிக் கையில் கிடைத்தால் எங்களைப் போன்ற செட்டர்கள் இரண்டு சோதனை செய்வோம். முதலில் தண்ணீர் வாளியில் போடுவோம். மூழ்கினால் ஒரு வகை, மிதந்தால் ஒரு வகை. மிதப்பதிலேயே இரண்டு உண்டு. அதைப் பிரிக்க ஒரு துணுக்கைக் கொளுத்தி, அணைத்து, முகர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று அணைந்த மெழுகுவர்த்தியின் வாசம். மற்றதும் மெழுகுவர்த்திதான், ஆனால் பின்னால் லேசாக டீசல் வரும். அந்த டீசலைப் பிடிப்பதில் எங்கள் வரிசையிலேயே நான்தான் கெட்டிக்காரன். மூக்கு மாஸ்டர் என்பார்கள்.

என்ன செய்ய, ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, போன மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. மல்லிகைப் பூவும் மீன் கழுவிய தண்ணீரும் எனக்கு ஒன்று. பேக்டரியில் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லாச் சாக்கிலும் வகையை அச்சடித்தே அனுப்புகிறார்கள், பிழைத்துக்கொண்டேன். வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். கடைசிக் காலத்தில் ஒரு தரம் நான் அவளுடைய மார்புப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "உங்களுக்கு மூக்கு போனது எனக்கு நல்லதாப் போச்சு."

நான் பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினேன்.

நீலத்தை வாளியில் போட்டேன், மிதந்தது. வெள்ளையைப் போட்டேன், மிதந்தது. ஒரு துணுக்கைக் கொளுத்தவும் செய்தேன். பழக்கம். அணைத்து மூக்கருகே கொண்டுபோய், வராத வாசத்தை இழுத்து, யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தலையை ஆட்டி, 'சரி' என்று சொல்லிக்கொண்டேன். எதற்குச் 'சரி' என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆனால் நாற்காலி அழகாக வந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளையில் நீலம் ஆறுமாதிரி ஓடி, முதுகுப் பக்கம் அவளுடைய கோணலுக்கு வளைந்து, இடது கைப்பிடியில் வந்து சுழித்து நின்றது. கால்கள் யானைக் கால்கள்தான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பார்த்தால் நாற்காலி என்று தோன்றாது. ஏதோ ஒன்று அவளை ஏந்துவதற்காகக் குனிந்திருப்பதுபோல் இருந்தது. முதலில் நான் உட்கார்ந்தேன். என் எடைக்கு லோரியே கொஞ்சம் யோசிக்கும். அசையவில்லை. எழுந்து மறுபடி தொப்பென்று விழுந்து பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. பிறகு அவளை உட்காரவைத்தேன். சாய்ந்தாள். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. என்ன என்று குனிந்து பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். வலி வந்த பிறகு அவள் உட்கார்ந்தபடி தூங்கி நான் பார்த்ததில்லை. நான் போர்ச்சுக்குப் போய், யாரும் பார்க்காத பக்கமாக நின்றுகொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாற்காலியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், முன் பெஞ்சை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் வைத்தோம். ஃபாதர் வந்து பார்த்தார். இளைஞர். "நல்லா இருக்கு. நானே உட்காரலாம் போல" என்றார். அவரிடம் பிரசங்கத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கும்படி கேட்டுக்கொண்டேன். "கவலைப்படாதீங்க. ரெண்டே வார்த்தை" என்றார்.

மறுநாள் காலை வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அறையில் மகளுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அலங்காரம் செய்ய வந்த அக்கா, கண்ணாடி சரியாமலிருக்க ஏதோ கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். அது நாற்காலியின் ஓரத்தில் நான் அறுத்தெடுத்த மிச்சத் துண்டு, வெள்ளையும் நீலமும் சேர்ந்தது. நான் மாலைகளை எடுக்க உள்ளே போனபோது கண்ணாடி நகர்ந்து, அந்தத் துண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. டப் என்று ஒன்று. குனிந்து எடுத்தேன். கையில் இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்று முழு வெள்ளை, ஒன்று முழு நீலம். கோடு போட்டுப் பிரித்ததுபோல் பிரிந்திருந்தன. பிரிந்த இடம் வழவழவென்று கண்ணாடிபோல் இருந்தது. ஒட்டவே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

"அங்கிள், என்ன முகமெல்லாம் வேர்க்குது? பொண்ணு போறாளேன்னு அழறீங்களா?" என்றார் அந்த அக்கா.

"ஆமாம்மா" என்றேன். ஆமாம் என்று சொன்னதற்கு அழுதும் தொலைத்திருக்கலாம், அதற்கும் நேரமில்லை. பின்பக்கம் போய் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அவன் அதற்குள் கோயிலில் கெமாப் பந்தல் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்த நீலம் என்ன மெட்டீரியல்?"

"நீலம்தான்."

"நீலம் கலருடா! மெட்டீரியல் என்ன?"

"எனக்கென்னடா தெரியும்? நான் தூக்குறவன். நீதானே மூக்கு மாஸ்டர். மோந்து பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன. நான் பேசாமல் நின்றதிலேயே அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "சரி, பொண்ணைக் கூட்டிட்டு வா. அது வரைக்கும் நாற்காலி பக்கத்துல நான் நிக்கிறேன்" என்றான்.

மகள் கல்யாணக் காரில் தோழிகளோடு முன்னால் போனாள். எஸ்டேட்டுக்குப் போகும் வழி முழுவதும் என் மண்டைக்குள் ஒரே படம்தான். அவள் உட்கார்கிறாள், முதுகு உரிகிறது, அவள் விழுகிறாள். பிறகு மறுபடியும் உட்கார்கிறாள். பயத்துக்கு ஒரு குணம், அது ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வேர்க்கும். பக்கத்தில் அவள் நீலப் பட்டுப் புடவையில், சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி வந்தாள். பாதி வழியில் கண்ணைத் திறக்காமலே, "நாற்காலிதானே?" என்றாள்.

"என்ன நாற்காலி?"

"காலையிலேருந்து நீங்க ஒரு ஜோக்கும் சொல்லல."

சொல்லிவிட்டேன். தண்ணீர், தீக்குச்சி, டீசல், உரிந்த துண்டு எல்லாவற்றையும். கெமாவுக்கு வாடகைக்கு எடுத்த சாதாரண நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைக்கிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அதுல உட்கார்ந்தா தாலி வரைக்கும் தாங்குவேனா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"அப்ப இதுலதான் உட்காருவேன். உடைஞ்சா விழறேன்."

"டாக்டர் சொன்னது…"

"டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். நீங்கதான் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

மகளைக் கைப்பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப்போக வேண்டியது நான். வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த நடை அது. நடுவழியில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி, "அப்பா, மெதுவா. பஸ்ஸையா பிடிக்கப் போறோம்?" என்றாள். முன்னால் நாற்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் என் சிநேகிதன், திருநீறும் வேட்டியுமாக, பீடத்தைப் பார்த்தபடி காவல்காரன்போல் நாற்காலி முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நான் போய் அவன் இடத்தில் நின்றேன். கையை மாற்றும்போது அவன் என் காதில், "இது வரைக்கும் சத்தமில்ல" என்றான்.

பெண்ணின் அப்பா உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை. கல்யாண வீடியோவில் பூசை முழுக்க நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். பார்த்தவர்களெல்லாம் பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் என்றார்கள். பாசமா? நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டின் மேல் கட்டை விரல்களை வைத்து, மற்ற விரல்களால் பின்பக்கம் அழுத்தி, கிட்டி போட்டதுபோல் பிடித்திருந்தேன். வாசகம் வாசித்தவர் யாரென்று தெரியாது. என்ன பாட்டு பாடினார்கள் என்று தெரியாது. எல்லோரும் முழங்காலிட்டபோதும் நான் நின்றேன். பிளாஸ்டிக்குக்கு எந்தப் புனிதர் பொறுப்பு என்று தெரியாததால் எல்லோரையும் பொதுவாகக் கூப்பிட்டேன்.

ஃபாதரின் ரெண்டு வார்த்தை ஆதாம் ஏவாளிடமிருந்து தொடங்கியது. நோவா காலத்துக்கு வருவதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன. நாற்காலி சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. கோடு கோடாகவே இருந்தது. பிரசங்கம் எங்கோ முடியப்போகிற தொனிக்கு வந்தபோது எனக்கு முதல் தடவையாகச் சரியான மூச்சு வந்தது. அடுத்தது வாக்குறுதி, அதற்கடுத்தது தாலி. இன்னும் கொஞ்சம்தான்.

அவளுடைய கை பின்னால் வந்து என் மணிக்கட்டைத் தொட்டது. ஜில்லென்று இருந்தது.

"என்னங்க. என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க."

நான் குனிந்தேன். "உரியுதா? சத்தம் கேட்டுச்சா?"

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு. என்னாலதான் முடியல."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரம் முழுக்க நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் முகம் சாம்பல் பூத்து, மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்து, பவுடர் கரைந்திருந்தது. எப்போதிருந்து அப்படி என்று எனக்குத் தெரியாது. சிநேகிதன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவளைத் தூக்கி நிறுத்தினோம். பக்கவாசல் நாலைந்து அடிதான். மகள் திரும்பிப் பார்த்தாள். இவள் கையை லேசாக உயர்த்தி, ஒன்றுமில்லை, நடக்கட்டும் என்று காட்டினாள். மகள் காலெடுத்து வைக்கப் போனதையும், மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்ததையும் பார்த்தேன். ஃபாதர் ஒரு வினாடி நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

காரை நாங்கா பலா மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். ஏர்கோனைப் போட்டு, சீட்டைச் சாய்த்து, மாத்திரையைக் கொடுத்தேன். கோயில் சிறியதென்று வெளியே கெமாவில் உட்கார்ந்தவர்களுக்காக மரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கண்ணாடியை இறக்கச் சொன்னாள். மாப்பிள்ளையின் குரல் கரகரவென்று வந்தது. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்.

"நம்ம கல்யாணத்துல இந்த இடத்துல நீங்க இருமுனீங்க" என்றாள்.

"தொண்டையில ஏதோ…"

"ஆமா, ஆமா."

பிறகு மகளின் குரல். நடுவில் ஒரு தரம் உடைந்து, மறுபடி சேர்ந்தது. பிறகு குரல்கள் நின்றுவிட்டன. கைமணி அடித்தது, பாடகர் குழு பாட ஆரம்பித்தது, கெமாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். தாலி கட்டியாகிவிட்டது. அவள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து வாசலின் இருட்டு மட்டும்தான் தெரியும். நான் ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வழக்கமாக ஒரு ஜோக் வரும். வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பூசை முடிந்ததும் படம் எடுக்கிறவர்களை ஒதுக்கிவிட்டு மகள் நேராகக் காருக்கு ஓடிவந்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளை குடையைப் பிடித்தபடி பின்னால் வந்தார். அந்தப் பெரிய வெள்ளைப் பாவாடையோடு அவள் பின் சீட்டில் ஏற முயன்றாள், பாவாடை ஏறவில்லை. கடைசியில் முன்பக்கக் கதவைத் திறந்து, அம்மாவின் பக்கத்தில், மண்ணிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"மா, தாலியை நீங்க பார்க்கல."

"காட்டு இப்ப."

மகள் கழுத்தை நீட்டினாள். இவள் தாலியை எடுத்து, சிலுவையை விரலால் தடவி, மஞ்சள் கயிற்றைப் பின்னால் திருப்பி முடிச்சைப் பார்த்தாள்.

"லூசா இருக்கு."

"மூணு முடிச்சு போட்டாருமா."

"லூசா இருக்குன்னு சொல்றேன்ல. அவரைக் கூப்பிடு. இன்னொண்ணு போடட்டும்."

கோயிலில் கட்டிய தாலியில் வெளியே வந்து கைவைக்கலாமா, கூடாதா, யாராவது பெரியவர் பார்த்தால் என்ன சொல்வார், இதற்கு ஏதாவது தோஷம் கீஷம் உண்டா, நமக்கு உண்டா அல்லது இந்துக்களுக்கு மட்டுமா என்று என் மண்டை சகல திசைகளிலும் ஓடியது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் அவர் கையிலிருந்த குடையை வாங்கி என்னிடம் கொடுத்து, "பிடிடா ஒழுங்கா" என்றான்.

மாப்பிள்ளை சேற்றில் முழங்காலிட்டார். கோட்டின் கை நனைந்திருந்தது. கயிற்றின் நுனி குட்டையாக இருந்ததால் அவருக்கு விரல் வழுக்கியது. ஒரு தரம் விட்டுப்போனது.

"அவசரமில்லப்பா. மெதுவாப் போடுங்க" என்றாள்.

அவர் மெதுவாகப் போட்டார். அவள் சாய்ந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, மகளின் பின்கழுத்தையும் அந்த விரல்களையும் கண் சிமிட்டாமல் பார்த்தாள். முடிச்சு இறுகியதும் தலையைச் சீட்டில் வைத்துக்கொண்டாள்.

விருந்துக்கு நாங்கள் நிற்கவில்லை. அவளால் முடியவில்லை. கல்யாண வீடியோவில் இது எதுவும் கிடையாது. வீடியோக்காரர் அந்த நேரம் கெமாவுக்குள் கேக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழுந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத்தான், ஆண்டுக் கடைசி மழை முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. அன்றைக்குச் செம்பனைக்கு நடுவே மண் ரோட்டில், குலுங்காமலிருக்க நான் காரை நகர்த்தி நகர்த்தி ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'வலிக்குதா' என்று கேட்டேன். எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. ரோடு தாருக்கு ஏறிய பிறகு, "முடிச்சு நல்லாப் போட்டாரு" என்றாள்.